வால் தொங்கிய மீன்கள்

நான்கு ஆண்டுகளில் அவர் ஏறி இறங்கிய ஓட்டல்கள் எழுபத்து மூன்று. எழுபத்து மூன்றிலும் முதல் கேள்வி ஒன்றுதான்.

"உங்களை யார் அனுப்பினது?"

அவர் கேட்டது பெரிய விஷயமில்லை. பண்ணைத் தொட்டியில் மீன்களை மூட்டை அடுக்குவது போல நெருக்கக் கூடாது. தண்ணீரில் ஆக்சிஜன் குறையாமல் பார்க்க வேண்டும். கொல்லும்போது தரையில் போட்டுத் துடிக்க விடாமல், ஒரு நொடியில் நினைவிழக்கச் செய்து கொல்ல வேண்டும். இப்படி நடக்கும் பண்ணைகளிடம் மட்டுமே வாங்குவோம் என்று ஓட்டல்காரர்கள் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அவ்வளவுதான். ஒருவர் அவரைப் போட்டிப் பண்ணையின் ஆள் என்றார். இன்னொருவர், "இன்னைக்கு மெதுவா கொல்லாதேம்பாங்க, நாளைக்குக் கொல்லவே கொல்லாதேம்பாங்க, எங்களுக்குத் தெரியாதா" என்று கதவைச் சாத்தினார். மூன்றாமவர் அவருடைய பைக்குள் கேமரா இருக்கிறதா என்று பார்த்தார். சாப்பாட்டு டப்பாதான் இருந்தது. அதையும் திறந்து காட்டச் சொன்னார்.

தனக்கு ஒரு லாபமும் இல்லாத காரியத்துக்காக ஓர் ஆள் வெயிலில் அலைகிறார் என்று சொன்னால் நம்மால் நம்ப முடிவதில்லை. லாபத்துக்காகப் பொய் சொல்கிறவரை வரவேற்பறையில் உட்காரவைத்து காபி கொடுக்கிறோம். மற்றவரின் பையைச் சோதிக்கிறோம்.

அவரை எல்லோரும் டவுட்டக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பெயர் வைத்தது மீன் பண்ணையில். பேருந்து நடத்துநரின் மூத்த மகள். பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டு, மீன் அள்ளும் தட்டுகளைக் கழுவும் வேலைக்கு அந்தப் பண்ணைக்குப் போனார். கணக்கு நன்றாக வரும் என்று தெரிந்ததும், தொட்டிகளில் ஆக்சிஜன் அளக்கும் மீட்டரை அவர் கையில் கொடுத்தார்கள். பதினோரு ஆண்டுகள் காலையும் மாலையும் இருபத்திரண்டு தொட்டிகளைச் சுற்றி வந்து, கருவியின் முனையைத் தண்ணீரில் விட்டு, வந்த எண்ணைத் தாளில் எழுதினார். ஐந்து என்றால் நல்லது. மூன்றுக்குக் கீழே போனால் மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டு நிற்கும்.

ஒருநாள் ஒன்பதாம் தொட்டியில் ஒன்று புள்ளி எட்டு வந்தது. அதையே எழுதினார். மேற்பார்வையாளர் தாளைப் பார்த்தார்.

"மீட்டர் பழசும்மா. அஞ்சுன்னு போடு."

"பழசுன்னா புதுசு வாங்குங்க சார். மீன் எல்லாம் மேல வந்து வாயைப் பொளந்துட்டு நிக்குதே, அதுவும் பழசா?"

"உனக்கு எதுலதான் டவுட் இல்ல?"

அடுத்த வாரம் மீட்டர் வேறொரு கைக்குப் போனது. அவர் மறுபடி தட்டுக் கழுவ அனுப்பப்பட்டார். மூன்று மாதம் கழுவிவிட்டு வெளியே வந்தார். வரும்போது கோபத்தையும் அந்தப் பட்டப்பெயரையும் மட்டும் எடுத்துவந்தார். பண்ணை மீன்களின் நலனுக்காக ஆறு பேர் சேர்ந்து ஓர் அமைப்பு நடத்திக்கொண்டிருந்தார்கள். அச்சகத்தின் மாடியில் இரண்டு அறை. பண்ணைக்குள்ளே வேலை பார்த்த ஆள் அவர்களில் ஒருவர்கூட இல்லை. டவுட்டக்காவை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்கள்.

வீட்டில் அவருடைய கணவர், லிஃப்ட் மெக்கானிக், ஆரம்பத்தில் கேலிதான் பேசினார்.

"கோழிக்காவது கத்தத் தெரியும். மீன் ஒரு புகாரும் கொடுக்கலையே, நீ ஏன் கேஸை எடுத்துக்கிட்டு அலையறே?"

"கத்தத் தெரியாததாலதாங்க நான் எடுத்துக்கிட்டேன்."

இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை என்று நினைக்கிறேன். ஆனாலும் சொல்கிறேன். கத்தாத உயிருக்கு வலி கிடையாது என்று முடிவு கட்டியது யார்? கத்தத் தெரிந்த உயிர்கள். தீர்ப்பு சொன்னவரே சாப்பிடவும் உட்கார்ந்தார். எந்த நீதிமன்றத்திலாவது இதை ஒப்புக்கொள்வார்களா?

எழுபத்து நான்காவது இடம் ஒன்பது ஓட்டல்களை நடத்தும் ஒரு நிறுவனம். அதன் பர்சேஸ் மேனேஜர் இருபதே நிமிடத்தில் சம்மதித்தார். யார் அனுப்பினார்கள் என்றுகூடக் கேட்கவில்லை. டவுட்டக்காவுக்கு அங்கேயே சந்தேகம் வந்துவிட்டது.

"எங்க கெஸ்ட் எல்லாம் இப்ப இதைக் கேக்குறாங்க மேடம். மெனு கார்டுல மீன் பக்கத்துல ஒரு சின்ன பச்சை இலை போட்டுக்கலாம் இல்லையா?"

"மீனுக்கு எதுக்கு சார் இலை?"

"ஒரு ஃபீல் மேடம்."

"இலையைப் போட்டுட்டு மீன் பழைய இடத்துல வாங்கினா?"

"சேச்சே, என்ன மேடம்."

அந்தச் சேச்சேயை டவுட்டக்கா பல இடங்களில் கேட்டிருக்கிறார். சொல்லாமல் கொள்ளாமல் பண்ணைக்கும் சமையலறைக்கும் வந்து பார்க்கும் உரிமை தன் அமைப்புக்கு வேண்டும் என்றார். மேனேஜரின் சிரிப்பு கொஞ்சம் சுருங்கியது. முதலில் ஒரே ஓட்டலில், ஒரே பண்ணையின் மீனை வைத்து ஒரு மாதம் நடத்திப் பார்ப்போம், சமையலறையிலிருந்து புகார் வராவிட்டால் ஒன்பதுக்கும் சேர்த்துக் கையெழுத்துப் போடுகிறேன், புகார் வந்தால் ஃபைலை மூடிவிடுவேன் என்றார். நான்கு ஆண்டுகளில் கிடைத்த முதல் வாக்குறுதி அது. சந்தேகத்தோடுதான் வாங்கிக்கொண்டார்.

பண்ணை ஏற்கெனவே தயாராக இருந்தது. ஊருக்கு வெளியே ஒன்றே முக்கால் மணி நேரத் தூரத்தில் இருந்த ஒரு பண்ணைக்காரரை டவுட்டக்கா எட்டு மாதம் பேசிப் பேசிக் கரைத்திருந்தார். தொட்டிக்கு இத்தனை மீன்தான் என்று குறைத்தார் அவர். மின்சாரம் பாய்ச்சி மீனை ஒரு நொடியில் மயங்க வைக்கும் தொட்டி ஒன்றும் வாங்கி வைத்தார். வேலையாட்கள் அதை ஷாக் பெட்டி என்றார்கள். பண்ணைக்காரருக்கும் சந்தேகம் தீரவில்லை.

"ஒண்ணு சொல்லுங்க. நீங்க ஓட்டல் பக்கமா, நம்ம பக்கமா?"

"மீன் பக்கம்."

"அப்ப ரெண்டு பேருக்கும் எதிரி."

"ஓட்டல் வேண்டாம்னா என்ன செய்வீங்க?"

"பெட்டியைத் திருப்பிக் கொடுத்துட்டுப் பழையபடி தரையில கொட்டுவேன். நான் என்ன தர்மசத்திரமா நடத்துறேன்?"

ஆக, நிலவரம் இதுதான். ஓட்டல் ஏற்றுக்கொண்டால் பெட்டி நிற்கும். ஓட்டல் தள்ளிவிட்டால் ஒவ்வொரு நாளும் நூற்றுக்கணக்கான மீன்கள் மறுபடி சிமெண்டுத் தரையில் கிடந்து மூச்சுத் திணறும்.

முதல் நாள் காலை மீன் லாரி ஓட்டலின் பின்வாசலுக்கு வந்தது. அங்கே மாஸ்டர் நின்றிருந்தார். இருபத்தாறு ஆண்டு அனுபவம். அந்த ஒன்பது ஓட்டல்களிலும் மீன் சமைப்பவர்கள் எல்லாம் அவரிடம் தொழில் கற்றவர்கள். சரக்கு இறங்கும்போது அவர்தான் நிற்பார், வேறு யாரையும் நம்பமாட்டார். அவருடைய சோதனை எளிமையானது. மீனின் தலையைப் பிடித்துப் படுக்கையாகத் தூக்குவார். உடம்பு கட்டை மாதிரி நேராக நின்றால் புது மீன். வால் தொங்கினால் பழசு. செத்துக் கொஞ்ச நேரத்தில் மீன் விறைக்கும், இரண்டு நாளில் விறைப்பு போய்த் தளரும். அதனால் விறைப்புதான் புதுமையின் அடையாளம். அந்தத் தொழிலில் எல்லோரும் ஒப்புக்கொண்ட சோதனை அது.

முதல் மீனைத் தூக்கினார். வால் தொங்கியது. இரண்டாவது. தொங்கியது. நாற்பது மீனும் நனைந்த துணி போல வளைந்தன. நாற்பதையும் திருப்பி அனுப்பிவிட்டார்.

செய்தி கேட்டு டவுட்டக்கா பின்வாசலுக்கு ஓடினார்.

"வாங்க மேடம்," என்றார் மாஸ்டர். "மீனோட நலம் விசாரிக்க வந்தீங்களா? அது செத்து ரெண்டு நாளாச்சு."

"காலையில அஞ்சு மணிக்குப் பிடிச்சது மாஸ்டர்."

"நீங்க பாத்தீங்களா?"

டவுட்டக்கா பார்க்கவில்லை.

"அப்ப எனக்குப் பாடம் எடுக்காதீங்க. நேத்து மிச்சத்தை ஐஸ்ல போட்டு அனுப்பியிருக்கான். உங்க பேரைச் சொன்னா நான் தொட்டுப் பாக்க மாட்டேன்னு நெனச்சிருக்கான். இல்ல, நீங்களும் கூட்டா?"

இரண்டாம் நாளும் அதே கதை. அன்று எல்லோரும் எல்லோரையும் சந்தேகப்பட்டார்கள். பண்ணைக்காரர் போனில் கத்தினார்: "வேற பண்ணைக்காரன் அந்த மாஸ்டரை நல்லா கவனிச்சிருக்கான். அதான் குறை சொல்றார்." மேனேஜர் குரலைத் தாழ்த்திப் பேசினார்: "ரெண்டு நாள் கம்ப்ளெயின்ட் மேடம். நாளைக்கும் வந்துச்சுன்னா நான் ஒண்ணும் செய்ய முடியாது. மாஸ்டரை விட்டுட்டு நான் ஓட்டல் நடத்த முடியாது."

டவுட்டக்கா சந்தேகப்பட்டது பண்ணைக்காரரை. பதினோரு ஆண்டு பண்ணையில் இருந்தவர் அல்லவா, பழைய சரக்கைப் புதுசோடு கலப்பதைக் கண்ணால் பார்த்தவர். மதியமே பண்ணைக்குப் போனார். ஐஸ் அறையின் சாவியைக் கேட்டார். ஒவ்வொரு தட்டாக எண்ணினார். முந்தின நாள் மீன் ஒன்றுகூட இல்லை.

"என் வீட்டு ஃப்ரிட்ஜையும் பாக்குறீங்களா?" என்றார் பண்ணைக்காரர். குத்தலாகத்தான் சொன்னார்.

டவுட்டக்கா பார்த்தார். பாலும் தக்காளியும் இருந்தன.

"எட்டு மாசமா உங்க பேச்சைக் கேட்டு ஒவ்வொண்ணா மாத்தினேன்," என்றார் பண்ணைக்காரர். வேறொன்றும் சொல்லாமல் வெளியே போய்விட்டார்.

அன்று சாயங்காலம் வீட்டில் டவுட்டக்கா சாப்பிட உட்கார்ந்தும் கை சோற்றில் போகவில்லை. கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவர் கையிலிருந்த கிரீஸ் கறையைத் துணியால் தேய்த்துக்கொண்டே கேட்டார்.

"மாஸ்டரைச் சந்தேகப்பட்டியா?"

"கொஞ்சம்."

"மேனேஜரை?"

"முதல் நாளே."

"பண்ணைக்காரர் ஃப்ரிட்ஜைத் தெறந்து பாத்துட்டே. எங்க வேலையில லிஃப்ட் நின்னா செக்ரட்டரி வாட்ச்மேனைத் திட்டுவார். வாட்ச்மேன் மூணாவது மாடிப் பசங்களைத் திட்டுவான். நான் யாரையும் கேக்க மாட்டேன், கயிறைப் பாப்பேன். நீ மூணு பேரையும் பாத்துட்டே. மீனைப் பாத்தியா?"

டவுட்டக்கா எழுந்து கை கழுவிவிட்டு அலமாரியைத் திறந்தார். மீன் இறைச்சியின் தரம் பற்றி அமைப்பு வைத்திருந்த கையேடு ஒன்று இருந்தது. பலமுறை படித்ததுதான். மயங்க வைத்துக் கொன்ற மீனின் சதை கெடாமல் நாள்பட நிற்கும் என்ற இடத்தை ஓட்டல்காரர்களிடம் ஒப்பிப்பார். அதற்கு முந்தின பக்கத்தில் நான்கு வரிகள் இருந்தன. உயிருக்குப் போராடிச் சாகும் மீன், தசையில் இருக்கும் சக்தியை எல்லாம் துடித்தே தீர்த்துவிடுகிறது. அதனால் செத்த சிறிது நேரத்திலேயே விறைத்துவிடும். துடிக்காமல் ஒரு நொடியில் நினைவிழந்த மீனின் தசையில் சக்தி மிச்சமிருக்கும். அது பல மணி நேரம் தளர்ந்தே இருந்து, பிறகுதான் விறைக்கும்.

அவர் அந்த நான்கு வரிகளை நின்றுகொண்டே மூன்று தடவை படித்தார்.

மாஸ்டர் பொய் சொல்லவில்லை. பண்ணைக்காரர் ஏமாற்றவில்லை. இருபத்தாறு ஆண்டுகளாக மாஸ்டர் கையால் தூக்கிப் பார்த்து மெச்சியது மீனின் மூச்சுத்திணறலை. பின்வாசலில் நின்று, நன்றாகத் துடித்துச் செத்த மீனுக்குத் தேர்ச்சி கொடுத்து, அமைதியாகச் செத்த மீனைத் தோற்கடித்துக்கொண்டிருந்தார். அவரிடம் பழகிய ஒன்பது சமையலறையிலும் அதே பாடம்தான். கொடுமையைத் தரம் என்று பெயர் மாற்றிவிட்டால் அதைச் செய்வதற்குக் கெட்டவன் யாரும் வேண்டியதில்லை. கெட்டிக்காரர்களே செய்துவிடுவார்கள். டவுட்டக்காவும் பதினோரு ஆண்டு விறைத்த மீனைத்தான் புதுசு என்று நினைத்திருந்தார். எல்லாவற்றிலும் சந்தேகம் கேட்டவர் அதில் மட்டும் கேட்கவில்லை.

உடனே மாஸ்டருக்கு போன் செய்தார். மாஸ்டர் முழுதும் கேட்டார்.

"புஸ்தகம் எழுதினவன் மீன் வெட்டியிருக்கானா?"

"தெரியாது மாஸ்டர். நீங்க புஸ்தகத்தை நம்ப வேண்டாம், என்னையும் நம்ப வேண்டாம். நாளைக்குக் காலையில வந்து உங்க கண்ணால பாருங்க."

மாஸ்டர் வந்தார். விடியும்போதே தன் மொபெட்டில் பண்ணை வாசலில் நின்றார். சொந்தக் கத்தி, சொந்த ஐஸ் பெட்டி, அதில் ஓட்டலிலிருந்து கொண்டுவந்த ஐஸ். பண்ணை ஐஸில் ஏதாவது கலந்திருப்பார்கள் என்ற சந்தேகம். வெள்ளை நூலும் கறுப்பு நூலும் சட்டைப் பையில். ஒரே அளவில் இரண்டு மீன்களைத் தானே வலையில் பிடித்தார். ஒன்றை ஷாக் பெட்டியில் விட்டார்கள். கண் மூடித் திறப்பதற்குள் அசைவு நின்றது. செவுளை அறுத்ததும் மாஸ்டர் அதன் வாலில் வெள்ளை நூலைக் கட்டி ஐஸில் வைத்தார். பிறகு இன்னொன்றைத் தூக்கிக் காட்டினார்.

"இது பழைய மாதிரி சாகணும். இல்லேன்னா நான் எதோட ஒப்பிடுறது?"

நியாயமான கேள்வி. டவுட்டக்கா அதை எதிர்பார்க்கவில்லை. பண்ணைக்காரர் அவர் முகத்தைப் பார்த்தார். டவுட்டக்கா தலையசைத்தார்.

மீனை உலர்ந்த தட்டில் வைத்தார்கள். மாஸ்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மீன் எகிறியது, தட்டில் மோதியது, மறுபடி எகிறியது. நான்கு நிமிடத்தில் எகிறுவது குறைந்தது. வாய் மட்டும் திறந்து மூடியது. செவுள் அகலமாக விரிந்து நின்றது. மாஸ்டர் லட்சம் மீன்களை வெட்டியவர், ஒரு மீன் சாவதைப் பார்த்ததில்லை. அவர் கைக்கு வந்த மீன்கள் எல்லாம் ஏற்கெனவே பொருளாகிவிட்டவை. ஏழாவது நிமிடத்தில் அவர் கடிகாரத்தைப் பார்ப்பதை விட்டார்.

"போதும். தலையில அடிச்சு முடிச்சிருங்க."

"வேண்டாம் மாஸ்டர்," என்றார் டவுட்டக்கா. "பாதியில நிறுத்தினா உங்களுக்குச் சந்தேகம் மிச்சமிருக்கும்."

இதைச் சொன்னது அவர்தான். மீனுக்காக எழுபத்து நான்கு படிக்கட்டுகள் ஏறியவர். பதினான்கு நிமிடம் ஆனது. கறுப்பு நூலை டவுட்டக்காவே வாங்கிக் கட்டினார்.

மாஸ்டர் மொபெட்டைப் பண்ணையிலேயே விட்டுவிட்டு, ஐஸ் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு லாரியில் ஏறினார். டவுட்டக்கா பக்கத்தில். யாரும் மீனை மாற்றிவிடக் கூடாது என்று வழி முழுதும் மூடியின் மேல் ஒரு கை. அரை மணிக்கு ஒருமுறை திறந்து இரண்டையும் அழுத்திப் பார்த்தார். ஒரு மணி நேரத்தில் கறுப்பு நூல் மீனின் முதுகு இறுகத் தொடங்கியது.

"என்ன மாஸ்டர்?" என்றார் டவுட்டக்கா.

"ஒண்ணுமில்ல. ரோட்டைப் பாருங்க."

பின்வாசலில் இறங்கியதும் கறுப்பு நூல் மீனின் தலையைப் பிடித்துத் தூக்கினார். கட்டை மாதிரி நின்றது. வெள்ளை நூல் மீன் வாலைத் தொங்கவிட்டது. இரண்டும் ஒரே தொட்டி, ஒரே ஐஸ், ஒரே பெட்டி. செவுளை விரித்து நிறம் பார்த்தார். முகர்ந்தார். சதையை அறுத்து, வெறும் உப்புப் போட்டு ஆவியில் வேகவைத்து, நின்றுகொண்டே இரண்டையும் தின்று பார்த்தார். வெள்ளை நூல் மீனில் இரண்டாவது துண்டு எடுத்தார். டவுட்டக்காவுக்கு ஒரு துண்டு நீட்டினார். அவர் வேண்டாம் என்றார்.

"சாப்பிட மாட்டீங்களா நீங்க?"

"சாப்பிடுவேன். இன்னைக்கு முடியாது."

மாஸ்டர் கையைத் துடைத்துக்கொண்டார். "நாளைக்கு நாப்பது அனுப்பச் சொல்லுங்க," என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

டவுட்டக்கா பண்ணைக்காரருக்கு போன் செய்து செய்தியைச் சொன்னார். ஃப்ரிட்ஜைத் திறந்ததற்கு மன்னிப்பும் கேட்டார். "அதை விடுங்க. நாப்பதா, நாப்பத்தஞ்சா?" என்றார் அவர்.

மாதம் முடிந்தது. அதற்குப் பிறகு புகார் இல்லை. மேனேஜர் ஒப்பந்தத்தை நீட்டினார். டவுட்டக்கா நாற்காலியில் உட்கார்ந்து பதினொரு பக்கத்தையும் படித்தார். எட்டாம் பக்கத்தில், சொல்லாமல் வந்து பார்க்கலாம் என்று இருந்த இடத்தில், ஏழு நாள் முன்னறிவிப்போடு என்று மாறியிருந்தது.

"உங்களுக்கு யார் மேலயும் நம்பிக்கையே கிடையாதா மேடம்?"

"உங்க மேல இருக்கு சார். இந்தத் தாள் மேல இல்ல. ஏழு நாள் டைம் கொடுத்தா நானே ஒரு மோசமான பண்ணையைக் கோயில் மாதிரி ஆக்கிக் காட்டுவேன். எனக்கு அந்த வேலை தெரியும்."

"ஒரு வரிதானே. அதுக்காக ஒன்பது ஓட்டலையும் விடுவீங்களா?"

"விடுவேன்."

அப்படியே எழுந்தும் விட்டார். மேனேஜர் கூப்பிட்டு உட்கார வைத்தார். மெனு கார்டுகள் ஏற்கெனவே பச்சை இலையோடு அச்சாகி வந்துவிட்டிருந்தன. எட்டாம் பக்கம் புதிதாக அடிக்கப்பட்டு வந்தது. கையெழுத்தானது.

மீன்களைக் காப்பாற்றப்போவது அந்தக் கையெழுத்து மட்டுமல்ல. அதே வாரம் மாஸ்டர் ஒன்பது பின்வாசலிலும் ஒரு தாளை ஒட்டச் செய்தார். மீன் பிடித்த நேரம் லாரித் தாளில் இருக்க வேண்டும், பிடித்து மூன்று மணி நேரத்துக்குள் வரும் மீன் விறைத்திருந்தால் இறக்க வேண்டாம், என்னைக் கூப்பிடவும். மீன் மேல் அவருக்குக் கருணை பிறந்துவிட்டதா என்று எனக்குத் தெரியாது. டவுட்டக்காவுக்கும் தெரியாது. இத்தனை வருஷம் தன்னை ஏமாற்றிய ஒரு சோதனையின் மேல் அவருக்கு ஆத்திரம் வந்திருந்தது. அது போதும். கருணை விடுமுறை எடுக்கும். மாஸ்டரின் சந்தேகம் ஒருநாளும் எடுத்ததில்லை.

ஆறு வாரம் கழித்து ஒரு வியாழக்கிழமை, அச்சகத்து மாடியில் போன் அடித்தது. பண்ணைக்காரர்.

"உங்க மாஸ்டர் இன்னைக்குப் பதினொரு மீனைத் திருப்பி அனுப்பிட்டார். விறைச்சிருக்காம். அன்னைக்கு விறைக்கலைன்னு திருப்பினார், இன்னைக்கு விறைச்சிருச்சுன்னு திருப்புறார். இந்த ஆளை என்ன செய்யறது?"

"பெட்டி ஓடுச்சா?"

பண்ணைக்காரர் லாரி வாடகையைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்.

"அண்ணே, பெட்டி ஓடுச்சான்னு கேட்டேன்."

"காலையில கொஞ்ச நேரம் கரண்ட் இல்ல. லாரி நின்னுட்டிருந்துச்சு. பதினொண்ணுதானேன்னு..." பண்ணைக்காரர் முடிக்கவில்லை. "சரி, இனிமே நடக்காது," என்று போனை வைத்தார்.

டவுட்டக்கா எதிரில் கிடந்த தாளில் எழுதினார். பதினொன்று. தலைக்குப் பதினான்கு நிமிடம். பிறகு மேசை மேலிருந்த பையை எடுத்து, குடையை உள்ளே வைத்தார்.

"எங்கக்கா கெளம்பிட்டீங்க?" என்றார் பக்கத்து மேசைக்காரர்.

"இங்கதான்," என்று சொல்லிவிட்டு மாடிப்படி இறங்கி, பண்ணைப் பக்கம் போகும் பேருந்து நிற்கும் இடத்துக்கு நடந்தார். வருவதாக யாருக்கும் சொல்லவில்லை.